சாப்டியா அம்மிணி

"அக்கா, நம்பரு சொல்லுங்க. சிலிண்டரு தோள்லயே நிக்குதுங்க."

காஸ் போடுகிற காளியண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். செல்வி போனும் கையுமாக ஹாலுக்கும் வாசலுக்கும் இரண்டு நடை நடந்துவிட்டாள்.

"எறக்கி வைங்கண்ணா. எந்த நம்பருங்க?"

"உங்க போனுக்கு நாலு நம்பரு வந்திருக்கும். அதைச் சொன்னாத்தான் சிலிண்டரை உட்டுட்டுப் போக முடியும்."

"எப்பவும் அவரு போனுக்குத்தானுங்களே வரும்?"

"அவரு எடுக்கறதே இல்லைன்னு போன மாசம் உங்க நம்பருக்கு மாத்தச் சொன்னதே நீங்கதானுங்க. நானா மாத்துனேன்?"

அது உண்மைதான். அறிவுச்செல்வியின் கணவன் குமரகுருவுக்குக் கோழித்தீவனக் கம்பெனியில் லைன் வேலை. காலையில் வண்டியை எடுத்தால் பண்ணை பண்ணையாகச் சுற்றிவிட்டு மத்தியானம்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். செல்வி முட்டை மண்டி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். நாள் முழுக்க லாரி டிரைவர்கள் அனுப்புகிற செய்திகளுக்குக் கட்டைவிரல் போட்டுக்கொண்டே இருக்கிறவளுக்கு, காஸ்காரர் கேட்கிற நான்கு எண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"நிலா, இங்க வா சாமி. இதுல காஸ் நம்பர் எங்கன்னு பாரு."

நிலா தலை துவட்டிக்கொண்டே வந்து போனை வாங்கினாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்.

"வாட்ஸாப்புல தேடுனா எப்படிம்மா கெடைக்கும்? மெசேஜ்ல வந்திருக்கும்."

"மெசேஜைத்தானே பாத்துட்டு இருக்கறேன்."

"இது வாட்ஸாப். மெசேஜுன்னா பழைய மெசேஜ். எஸ்எம்எஸ்." விரலால் தள்ளித் தள்ளி எதையோ திறந்தவள் சிரித்துவிட்டாள். "அம்மா, நாலாயிரத்து முந்நூத்திப் பதினெட்டு படிக்காமக் கெடக்குது. இது போனா, குப்பைத்தொட்டியா?"

"நீதானே அந்த டிங் டிங் சத்தத்தை நிறுத்தி உட்ட? ஒரு நாளைக்கு நாப்பது விளம்பரம் வருதுன்னு."

"சரி, சரி. ஏழு, ரெண்டு, சைபர், ஒம்போது."

காளியண்ணன் எண்ணைக் குறித்துக்கொண்டு, சிலிண்டரை உள்ளே உருட்டி வைத்துவிட்டு, "அடுத்த தடவை பாப்பாவையே நிக்கச் சொல்லுங்கக்கா, நமக்கு நேரம் மிச்சமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி சிலிண்டரின் சீலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலா போனைத் திருப்பித் தரவில்லை.

"அம்மா."

"என்ன?"

"இதுக்குள்ள மாமா இருக்காரு."

"எந்த மாமா?"

"அன்பு மாமா."

செல்வியின் கை சிலிண்டர் மேலேயே நின்றது.

அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன், தை மாதக் கடைசி முகூர்த்தத்தில்தான் நிலாவுக்குத் தெரட்டிச் சீர் செய்தார்கள். பெண் பெரியவளானதற்குச் செய்கிற அந்தச் சீரில் தாய்மாமன்தான் எல்லாம். அவன் கொண்டுவருகிற பட்டைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். அவன் போடுகிற மாலைதான் முதல் மாலை. செல்விக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருவன், அண்ணன் அன்பரசு. அவன் வரவில்லை. பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. அன்று காலை பத்து மணி வரை வாசலைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பெரியம்மா மகன் ஈஸ்வரைக் கூப்பிட்டு, "நீங்க வந்து நில்லுங்கண்ணா, அவரு வரமாட்டாரு" என்று சொல்லி, தாய்மாமன் நிற்கிற இடத்தில் நிறுத்தினாள். அந்தக் கோபம் இன்னும் நெஞ்சுக்குள் ஆறாமல் கிடந்தது.

"என்ன போட்டிருக்காரு?" குரலை விறைப்பாக வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"ஒண்ணும் புரியலம்மா. எல்லாம் பெரிய எழுத்து, நடுவுல உயிரெழுத்தே இல்ல. பாஸ்வேர்டாட்ட இருக்குது. மேல பூராவும் S, P, T, Y, A. கடைசியில என்ற பேரு இருக்குது பாரு. நிலா அல்கா இர்கா. யாரும்மா அல்கா?"

"குடு இங்க."

"மாமாவுக்கு இங்கிலீசு வராதா?"

"குடுன்னு சொல்றேன்ல."

போனை வாங்கியவள் கடைசி வரியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள், கிணற்றில் வாளியை இழுக்கிற மாதிரி.

SPTYA AMNI.

SPTYA AMNI.

SPTYA.

அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா அது?"

"சாப்டியா அம்மிணி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் அது அவ்வளவுதான் இல்லை.

அன்பரசு திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் லாரியில் போர்வெல் போடப் போனபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்குப் பதினெட்டு. ரிக் கர்நாடகா போகும், ஆந்திரா போகும், சத்தீஸ்கர் காட்டுக்குள் போனால் எட்டு மாதம் திரும்பாது. அப்போது போனில் பேசினால் காசு, மெசேஜுக்கு மட்டும் பூஸ்டர் கார்டு, போட்டால் ஒரு நாளைக்கு இத்தனை என்று இலவசம். அந்த மெசேஜிலும் நூற்று அறுபது எழுத்துக்கு மேல் போனால் இரண்டாகக் கணக்கு. அதனால் அண்ணனும் தங்கையும் எழுத்தைக் கடித்துக் கடித்துத் துப்பினார்கள். கிளம்பிட்டேன் என்பது KLMBTN ஆனது. வந்துட்டேன் என்பது VNTN. சாப்பிட்டேன் என்பது SPTN. அண்ணனை அவள் நீங்க என்றுதான் கூப்பிடுவாள். அதனால் அவள் அனுப்புகிற சாப்ட்டீங்களா நீளமாக இருந்தது. ஒரு நாள் அன்பரசு போன் பண்ணியே திட்டினான். "உன்ற மரியாதைக்கே நாலு எழுத்து வீணாப் போகுது அம்மிணி. நேர்ல குடு அதையெல்லாம். இதுல நீன்னே போடு." அதிலிருந்து அவளும் SPTYA என்றே போட்டாள். உலகத்திலேயே அந்தச் சின்ன நோக்கியா போனுக்குள் மட்டும்தான் அவள் அண்ணனை நீ என்று சொன்னாள்.

அந்த எழுத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை வராமல் இருக்குமா? ஒரு தடவை போனிலேயே கத்திக்கொண்டு, இரண்டு பேர் பேலன்ஸும் தீர்ந்து, பத்து நாள் பேச்சில்லாமல் கிடந்த பிறகு அன்பரசுதான் ஒரு சட்டம் போட்டான். "கோவமா இருக்கறப்பப் பேசக்கூடாது. யாருக்கு மனசு எறங்குதோ அவங்க சாப்டியான்னு போடோணும். மத்தவங்க சாப்ட்டேன்னு போடோணும். தின்னாலும் சரி, திங்காட்டியும் சரி, சாப்ட்டேன்னுதான் போடோணும். போட்டாச் சண்டை முடிஞ்சுது. யாரு மேல நாயம்னு அப்பறம் பேசக்கூடாது." SPTN என்று வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் ஒன்றும் அனுப்ப மாட்டார்கள். அதுதான் கடைசி வார்த்தை. பல வருசம் அந்தச் சட்டம் மீறப்படவே இல்லை.

பிறகு ஊரெல்லாம் பெரிய போன் வந்தது. அன்பரசும் ஒன்று வாங்கினான். எழுத்தைக் கடிக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. வாய்ஸ் மெசேஜ், வணக்கம் சொல்கிற பொம்மை, பிறந்தநாளுக்கு ஆடுகிற கேக். எல்லாம் தாராளமாக வந்தது. SPTYA மட்டும் வரவில்லை. தேவைப்படவும் இல்லை, இரண்டரை வருசத்துக்கு முன்னால் அப்பா சென்னியப்பன் செத்துப்போகிற வரைக்கும்.

அன்று அன்பரசு சத்தீஸ்கரில் இருந்தான். சிக்னல் இல்லாத காடு. ஒரு பகல், ஒரு ராத்திரி போன் போட்டும் கிடைக்கவில்லை. முதலாளி வழியாகத் தகவல் போய் அவன் ரயில் ஏறுவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. உடலை எடுத்துவிடலாம் என்று சொன்னது செல்விதான். மூன்றாம் நாள் வந்து நின்றவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா அம்மிணி?"

அவள் அழுதிருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஒரம்பரைச் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்க, "போனை எடுக்காத மகனுக்காவ அப்பனை நாறப்போடச் சொல்றீங்களா?" என்றாள். போட்ட இலையில் கை வைக்காமல் அன்பரசு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு அவள் காத்திருந்தாள். அண்ணனுக்கு மனசு இறங்கினால் அந்த வார்த்தை வரும் என்று வாட்ஸாப்பைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தாள். தானே போட்டிருக்கலாம். சட்டம் இரண்டு பேருக்கும் பொதுதான். ஆனால் தான் பேசிய பேச்சுக்குத் தானே முதலில் போட்டால் அது மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்று இருந்தாள். அவன் போடட்டும், போட்ட மறுநொடி பதில் போட்டுவிடலாம் என்று இருந்தாள்.

அவன் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"அம்மா, தேதியப் பாரு. மாசத்துக்கு ஒண்ணுதான் வந்திருக்குது. ஆனா ஒவ்வொரு மாசமும் தேதி மாறுது."

செல்வி பார்த்தாள். புரிந்தது. "அமாவாசை."

"என்னது?"

"அமாவாசையன்னிக்கு ரிக்குக்குப் பூசை போடுவாங்க கண்ணு. மத்தியானம் வரைக்கும் மிசினு ஓடாது. அந்த நேரத்துல சிக்னல் கெடைக்கற மேடாப் பாத்து ஏறிப் போயிப் போட்டிருக்கறாரு."

"வாட்ஸாப்புல போட்டிருக்கலாமில்ல? இல்லாட்டி ஒரு கால் பண்ணியிருக்கலாம். எதுக்கு இந்தப் பழைய மெசேஜு?"

பதில் அங்கேயே இருந்தது, மூன்றாவது அமாவாசையில். பெரிய போன் சேற்றில் விழுந்துவிட்டது, மெக்கானிக் சரிபண்ணிக் கொடுத்தாலும் ரிக்கில் தண்ணீரும் சேறும் நிற்காது, அதனால் அதை ஊட்டுல மோகனாகிட்டக் குடுத்துட்டேன், நான் பட்டன் போன்தான் என்று உயிரெழுத்தில்லாமல் எழுதியிருந்தான். ஆக, அவள் வாட்ஸாப்பில் அனுப்பிய பத்திரிகையைப் பார்த்த நீலக் கோடு அண்ணனுடையது இல்லை. மோகனூர் வீட்டில் இருக்கிற அண்ணி மோகனப்பிரியாவுடையது.

"எங்க கிளாஸ்ல யாராச்சும் இப்படி எழுதுனா அங்கிள்னுதான் கூப்புடுவோம்" என்றாள் நிலா. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. "நாங்க எட்டாவதுல எழுதுனதே இப்பக் கிரிஞ்ச்மா. இப்பெல்லாம் யாரும் சுருக்கறதே இல்ல. நேரா ஸ்டிக்கர்தான்."

செல்வி சிரிக்கவில்லை. அவள் இப்போது தை மாதத்துக்கு வந்திருந்தாள்.

முதல் செய்தி: பத்திரிகை வந்தது என்று மோகனா சொன்னாள், நேரில் வரமாட்டாயா அம்மிணி. தாய்மாமனைத் தாம்பூலத்தட்டு வைத்து, நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். அது செல்விக்குத் தெரியாததா? தெரியும். போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் போகவில்லை.

இரண்டாவது, தை அமாவாசை அன்று. லீவு சொல்லிவிட்டேன், சாப்ட்டேன் என்று ஒன்று போடு, வந்துவிடுகிறேன்.

மூன்றாவது, சீருக்கு முதல் நாள். SPTYA AMNI.

நான்காவது, சீர் அன்று காலை ஒன்பது மணி ஐம்பது நிமிடம்.

VSL NKRN. VRTA.

செல்வி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். போன் மடியில் விழுந்தது.

"என்னம்மா? என்ன போட்டிருக்குது?"

"வாசல்ல நிக்கறேன்." போனை மடியிலிருந்து எடுத்தாள். "வரட்டான்னு கேட்டிருக்காரு."

"எந்த வாசல்ல?"

"மண்டபத்து வாசல்ல."

ஒன்பது ஐம்பதுக்குத் தான் எங்கே இருந்தோம் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. உள்ளே இருந்து வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்கு இரண்டு வாசல். அவள் பார்த்தது கார் நிற்கிற வாசலை. பஸ்ஸில் வருகிறவர்கள் பின்னால் சந்து வழியாக வருவார்கள். போன் அவள் கையிலேதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. பத்து மணிக்கு ஈஸ்வரைக் கூப்பிட்டாள். நாதஸ்வரக்காரர் முன்னால் போக, ஈஸ்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு மணைக்குப் போனதை, அந்தப் பின்வாசலில் நின்றால் நன்றாகப் பார்க்கலாம்.

கடைசிச் செய்தி பத்து இருபதுக்கு. நிலா அழகா இருக்கா.

அதற்குப் பிறகு ஒரு அமாவாசை போயிருந்தது. ஒன்றும் வரவில்லை.

நிலா மெதுவாகக் கேட்டாள். "அந்த டிங் சத்தத்தை நான்தானே நிறுத்துனேன்?"

"நீ சத்தத்தைத்தான் நிறுத்துன கண்ணு. நேர்ல போகாம இருந்தது நானு."

அப்படிச் சொல்லிவிட்டு, நான்கே நான்கு எழுத்து அடித்தாள். SPTN. அனுப்பினாள். இரண்டரை வருசக் கேள்விக்கு அதுதான் பதில்.

மத்தியானம் குமரகுரு வந்தபோது செல்வி தாம்பூலத்தட்டை எடுத்து வைத்துப் பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட? யாரூட்டு விசேசம்?"

"மோகனூருக்குங்க. அண்ணனை அழைக்கப் போறேன்."

"எதுக்கு அழைக்க? சீருதான் முடிஞ்சு போச்சே."

நிலா போனை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். குமரகுரு வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். பிறகு, "ஒரு போன் பண்ணு செல்வி. ரெண்டு நிமிசத்துல தீந்துரும்" என்றான்.

"கோவம் இருக்கறப்பப் பேசக்கூடாதுங்க. பதில் போட்டுட்டேன். பதில் வந்தாச் சண்டை முடிஞ்சுதுன்னு அவருதான் சொன்னாரு."

"அதுக்கு அவரு ஒண்ணுஞ் சொல்லலையா?"

"அதுக்குமேல சொல்லறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நேர்லதான் போகோணும்."

"சோறாச்சும் தின்னுட்டுப் போ."

"வந்து திங்கறேன்."

நாமக்கல்லில் பஸ் ஏறி மோகனூரில் இறங்குவதற்குள் போனை இருபது தடவை பார்த்துவிட்டாள். சர்க்கரை மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்கள் வழிவிடவில்லை. பஸ் ஊர்ந்தது.

மோகனப்பிரியா கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"வாங்க செல்வி. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"அண்ணன் இருக்காருங்களா அண்ணி?"

"சீரு முடிஞ்ச மறுநாளே போயிட்டாருங்க. இப்ப மத்தியப் பிரதேசத்துல. தீவாளிக்குத்தான் வருவாராமா."

செல்வி தட்டை டீப்பாயின் மேல் வைத்தாள். அதை வைத்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான் அந்த மெசேஜையெல்லாம் பாக்கவே இல்லீங்க அண்ணி. இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். சத்தியமா."

"நானும் ஒண்ணு சொல்லீர்றேங்க. பத்திரிகை வந்தப்ப நான் பதில் போட்டிருக்கலாம். போனுலயே தாய்மாமனை அழைக்கறாங்களேன்னு எனக்கு எரிச்சலு. அவருகிட்டச் சொன்னேன். அவரு, நீ ஒண்ணும் போடாத, நான் பாத்துக்கறேன்னுட்டாரு." மோகனப்பிரியா உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். ஜவுளிக்கடைப் பை. பிரித்துக் காட்டவில்லை. பச்சைப் பட்டின் கரை மட்டும் வெளியே தெரிந்தது. "ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டாருங்க. புள்ளைக்கு எந்தக் கலரு எடுப்பா இருக்கும்னு என்னைக் கேட்டுக் கேட்டு எடுத்தாரு. மூணு நாளு பட்டன் போனைக் கையிலயே வெச்சிருந்தாரு. குளிக்கறப்பக் கோட எம்பையன்கிட்டக் குடுத்து, எதாச்சும் வந்தாக் கத்துடான்னாரு. சீரன்னிக்குக் காலையில, பதிலு வல்லீனாலும் பரவால்ல, எம்மருமவளுக்குத்தான போறேன்னு பையைத் தூக்கிட்டுப் போனாரு. மத்தியானம் பையோட வந்து நின்னாரு."

"உள்ள வந்திருக்கலாமில்லீங்க." சொல்லும்போதே செல்விக்கு அது எவ்வளவு அநியாயமான பேச்சு என்று தெரிந்தது.

"ஆளு நிக்கற எடத்துல இன்னொரு ஆளு எப்படீங்க நிக்கறது?"

டிவி ஸ்டாண்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் போன் சார்ஜரில் கிடந்தது. அதில் ஒரு உறைப் படம் எரிந்துகொண்டிருந்ததைச் செல்வி அப்போதுதான் பார்த்தாள். படிக்காத செய்தி ஏதோ இருக்கிறது என்று காட்டுகிற உறை. எழுந்து போய் எடுத்தாள். பட்டனை அமுக்கினாள்.

SPTN.

அவள் காலையில் அனுப்பியது.

"அதை வெச்சுட்டுப் போயிட்டாருங்க" என்றாள் மோகனப்பிரியா. "கம்பெனியில பெரிய போனும் புது நம்பரும் குடுத்துட்டாங்க. இதுல எதாச்சும் வந்தாச் சொல்லட்டுங்களான்னு கேட்டேன். வராது, உடுன்னாரு. அணைச்சுப் போட எனக்குத்தான் மனசு வரல. தெனமும் ரெண்டு தடவை பாப்பேன். இன்னைக்குத்தான் பாக்கல." அவள் குரலும் அப்போது இறங்கியது. "இருங்க. போன் போட்டுத் தாரேன்."

"வேண்டாங்க அண்ணி. கோவத்துல..."

"அவருக்குக் கோவமெல்லாம் இல்லீங்க செல்வி. அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

மணி அடித்தது. அந்தப் பக்கம் கம்ப்ரஸர் இரைச்சல். மோகனப்பிரியா, "ஏனுங்க, செல்வி வந்திருக்கறாங்க, தட்டு வெச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள்.

"அண்ணா."

இரைச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது. நடந்து வெளியே வருகிறான் போலிருக்கிறது.

"சொல்லுங்க. நல்லா இருக்கறீங்களா? பாப்பா நல்லா இருக்குதுங்களா? மாப்பிள்ளை?"

செல்வி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வேறு யாருக்காவது போய்விட்டதா என்று. அண்ணன்தான். அண்ணன் குரல்தான்.

"நான் பாக்கலீங்கண்ணா. ஒண்ணையுமே பாக்கல. அந்த மெசேஜுக்குச் சத்தத்தை நிறுத்தி வெச்சிருந்தேன். நீங்க வாசல்ல நின்னது எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"பரவால்லீங்க. போனது போச்சு. எல்லாருக்கும் வேலை இருக்குதில்ல."

"என்னைய நீங்கன்னு கூப்புடாதீங்கண்ணா."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள். அவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்துகூடக் குறையாமல் கேட்டான்.

"சாப்பிட்டீங்களா?"

அவள் சாப்ட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். தின்றாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி. அதுதான் சட்டம். ஆனால் இத்தனை நாள் அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்தவளுக்கு இப்போது அது வாயில் வரவில்லை.

"இல்லீங்கண்ணா. காத்தால இருந்து ஒண்ணுந் திங்கல."

"மோகனாகிட்டப் போனைக் குடுங்க" என்றான்.

மோகனப்பிரியா வாங்கி, உம் உம் என்று கேட்டுக்கொண்டு, வைத்துவிட்டு, சமையலறைக்குள் போனாள். தட்டில் சோறும் தட்டப்பயிறுக் குழம்பும் போட்டுக் கொண்டுவந்தாள்.

"என்ன சொன்னாருங்க அண்ணி?"

"சோறு போடச் சொன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க. தின்னுங்க. ஆறிப்போயிரும்."

செல்வி தின்றாள். உப்பு உறைப்புத் தெரியவில்லை. தின்று முடித்துக் கை கழுவிவிட்டு, அண்ணனின் புது நம்பரைக் குறித்துக்கொண்டாள். பட்டு இருந்த பையை மோகனப்பிரியா தரவில்லை. செல்வியும் கேட்கவில்லை. அது அவன் கையால் கொடுக்க வேண்டியது. தாம்பூலத்தட்டை மட்டும் வைத்துவிட்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடி புது நம்பருக்கு SPTN என்று அனுப்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே நிலா கேட்டாள். "மாமா ரிப்ளை பண்ணாரா?"

"அதுக்கு ரிப்ளை கெடையாது கண்ணு. அதுதான் கடைசி."

"அப்பச் சண்டை முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

செல்வி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முன்பு அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. பதில் வராவிட்டால் அவன் சிரித்துக்கொண்டு தூங்கப் போய்விட்டான் என்று அர்த்தம். இப்போது வராத பதிலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அந்த டிங் சத்தத்தை மறுபடியும் போட்டு உடு சாமி."

"விளம்பரமா வருமேம்மா. உன்னால தாங்க முடியாது."

"வரட்டும்."

நிலா எதையோ தட்டிவிட்டுக் கொடுத்தாள். செல்வி போனை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் புதுச் சிலிண்டரை மாட்டினாள். பர்னரைப் பற்ற வைக்கும்போது சத்தம் வந்தது. டிங். தீக்குச்சியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ரீசார்ஜ் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று வந்திருந்தது.

அதை முழுவதும் படித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.